எழுபத்தொன்பதில் நின்ற ஒன்று

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு கேள்வி. ஒன்பதெட்டு எவ்வளவு? யோசிக்காதீர்கள். நம் காலத்தில் யோசித்தால் முட்டியில் பிரம்பு விழும். எழுபத்திரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். நான் கணக்கு டீச்சராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த எழுபத்திரண்டை எத்தனையோ பிள்ளைகளைச் சொல்ல வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சுடும். போர்டுப் பக்கம் திரும்பிக்கொள்வேன். டீச்சர் ஏதோ எழுதப் போகிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நடந்ததில் என் கை எதுவும் இல்லை. செய்தவர்கள் வேறு, பட்டவள் வேறு. வெட்கம் மட்டும் எப்படியோ என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கிடைக்காது. பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊருக்கு ஒரு கரி பஸ் வரும். ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் வாங்கியவன் தள்ளுவான், வாங்காதவன் வேடிக்கை பார்ப்பான். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்.

அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். ஊருக்கே அவர் பெயர் வாத்தியார்தான். அம்மாகூட அவரை அப்படித்தான் சொல்லுவாள். அவருக்கு ஒரு கறுப்புக் கோட்டு உண்டு, முழங்கையில் ஒட்டுப் போட்டது. சமஸ்தானத்து இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வருகிற நாளில் மட்டும் அது பெட்டியிலிருந்து வெளியே வரும். அன்றைக்கு வீடு முழுக்கக் கற்பூர வாசனை அடிக்கும். கற்பூரம் சாமிக்கு இல்லை, கோட்டுக்கு.

நான் சொல்லப்போகிற வருஷத்துக்கு முந்தின வருஷம், இன்ஸ்பெக்டர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் விளையாட்டுப் போல அப்பாவைக் கேட்டார்.

"வாத்தியாரே, பத்து லட்சத்துக்குள்ள இருக்கிற பெரிய பகா எண் எது, சொல்லுங்க பார்ப்போம்."

அப்பாவுக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? ஆனால் பிள்ளைகள் முப்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டுக்குள் அவருக்கு வேர்த்தது.

"ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூணு. புஸ்தகத்துல போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வண்டி ஏறிப் போய்விட்டார். அவர் அதை அன்று ராத்திரியே மறந்திருப்பார். அப்பா மறக்கவில்லை. வருஷம் பூராவும் அந்த எண் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தது. குளிக்கும்போது அப்பா அதை முணுமுணுப்பார். அம்மா, "அந்த மூணுல முடியிறவரு இன்னைக்கும் சாப்புட வருவாராக்கும்?" என்று கேலி செய்வாள்.

தை பிறந்ததும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அந்த எண்ணை நம் பிள்ளைகளை வைத்தே சோதித்துப் பார்த்துவிடுவது. புத்தகத்தில் போட்டிருக்கிறான் என்று சொன்னவரிடம், நாங்கள் வகுத்தே பார்த்துவிட்டோம் என்று சொல்லிக் காட்டுவது. அவ்வளவுதான் ஆசை. தப்பான ஆசை இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் கரித்துண்டால் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எழுதினார். இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு, ஐந்து, ஏழு என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார். அடிபடாமல் நின்றவை எல்லாம் பகா எண்கள். நூற்று அறுபத்தெட்டு நின்றன. ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். வாத்தியார் மழைக்கு எந்திரம் எழுதுகிறார் என்று பேச்சு. ஒரு ஆள் சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன். அப்பா அவரைத் திருத்தவில்லை, அது அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். நான் பின்னாளில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா அன்று சொன்னதைப் போல் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"கண்மாயில மீனைக் கூறு போடுறதப் பாத்திருக்கீங்கள்ல?"

"பாத்திருக்கோம் சார்!"

"அதே மாதிரித்தான். இந்த எண் பூராவும் மீனுன்னு வச்சுக்குங்க. ஏழு கூறு வச்சுப் பாக்குறோம், பதினொரு கூறு வச்சுப் பாக்குறோம். எந்தக் கூறுக்காச்சும் சரியா விழுந்து மீதி இல்லைன்னு ஆயிருச்சுன்னா, அது பகா எண் இல்லை. எத்தனை கூறு வச்சாலும் மீதி நிக்கிதுன்னா, அதுதான் பகா எண். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார்!"

ஆயிரத்தோடு ஏன் நிறுத்தினோம் என்று ஒருவன் கேட்டான். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். நம் எண் அதைவிடச் சின்னது. அது இரண்டு எண்களின் பெருக்கம் என்றால் இரண்டுமே ஆயிரத்துக்கு மேல் இருக்க முடியாது, ஒன்றாவது உள்ளே இருந்தாக வேண்டும். அந்த ஒன்றைத் தேடினால் போதும். இதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் பளபளத்தது.

இரண்டு, மூன்று, ஐந்து இவற்றைப் பார்த்த உடனே தள்ளிவிட்டார். மற்றதையெல்லாம் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். வகுப்பில் பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர், எங்களுக்குத் தனிப் பாய். இன்னொருத்தி மடைக்காரர் மகள். அவளுடைய அப்பாதான் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். தண்ணீர் வற்றி மீன் பிடிக்கும்போது ஊருக்கெல்லாம் கூறு போடுகிறவரும் அவரே. அவள் கணக்கில் புலி. அப்பா கணக்கைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். நான் எட்டிப் பார்த்து எழுதுகிறவள். அப்பாவுக்கும் அது தெரியும், என்னைவிட அவளைத்தான் அவருக்குப் பிடிக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் வருத்தமில்லை.

வரிசைப்படி அவளுக்கு எழுபத்தொன்பது விழுந்தது. அடுத்த எண்பத்து மூன்று எனக்கு.

அந்த நாட்களின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முப்பது சிலேட்டில் முப்பது குச்சி கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைப்போம். பச்சை வாசனை விரலை விட்டுப் போகாது, சோற்றிலும் அடிக்கும். ஒவ்வொருவனாக எழுந்து மீதியைச் சொல்லுவான். ஏழில் ஐந்து நின்றது. பதினொன்றில் ஆறு, பதின்மூன்றில் பத்து. எனக்கு எண்பத்திரண்டு நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் சரியாக விழுந்திருக்கும். அந்த ஒன்று குறைந்ததற்கு நான் அழுதுவிட்டேன் என்று அவள் சிரித்தாள்.

பிறகு அவள் எழுந்தாள்.

"எழுபத்தொம்பதுக்கு பன்னெண்டாயிரத்து அறுநூத்தி அம்பத்தெட்டு சார். மீதி இல்லை."

அப்பா இறங்கி வந்து அவள் சிலேட்டை வாங்கினார். விடை முத்து முத்தாக இருந்தது. கீழே கடைசி வரியில் அறுநூற்று முப்பத்து மூன்று, அதற்கடியில் அறுநூற்று முப்பத்திரண்டு. கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை. துடைத்துவிட்டிருந்தாள். அந்த இரண்டு எண்களையும் அப்பாவின் கண் பார்த்தது. அவர் மனது பார்க்கவில்லை. புத்தகம் தப்பு, இன்ஸ்பெக்டர் தப்பு, நம் பள்ளிக்கூடம் சரி என்கிற ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அவள் தலையில் கைவைத்து, "ஒரு புஸ்தகத்தையே பொய்யாக்கிட்டியே தாயி" என்றார்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையை, உபகாரச் சம்பளத்தில் டவுன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று உத்தரவு வந்திருந்தது. விடுதி, சாப்பாடு எல்லாம் சமஸ்தானம் பார்த்துக்கொள்ளும். இன்ஸ்பெக்டர் வந்து பெயரை எழுதிக்கொண்டு போவார். அவளைத்தான் அனுப்பப் போகிறேன் என்று அப்பா மடைக்காரரைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். அவர் அடுத்த சந்தைக்குத் திருமயம் போய் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார். பச்சை வர்ணம், மூடியில் சிவப்பு ரோஜாப்பூ. பூட்டும் சாவியும் தனி. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இரண்டு தரம் நடந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. நடக்கும்போது டம் டம் என்று சத்தம் வந்தது.

பங்குனிக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசிய கரும்பலகையை அப்பா ஒரு வேட்டியால் மூடி வைத்திருந்தார். பாட்டு, வாசிப்பு எல்லாம் முடிந்தது. அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"போன வருஷம் தாங்கள் ஒரு எண் சொன்னீங்க. புஸ்தகத்துல பகா எண்ணுன்னு போட்டிருக்குன்னு சொன்னீங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணு, அது வகுபடும்னு கண்டுபிடிச்சிருக்கு."

வேட்டியை இழுத்தார். பலகையில் பெரிது பெரிதாக, எழுபத்தொன்பது பெருக்கல் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு. சமக்குறி. அந்த எண்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். கொஞ்ச நேரம்தான் பார்த்தார்.

"வாத்தியாரே, ஒன்பதெட்டு எவ்வளவு?"

அப்பாவுக்கு ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. எங்களைக் கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, "எழுபத்திரண்டு" என்றார்.

"அப்ப கடைசியில எந்த இலக்கம் வரணும்?"

"ரெண்டு."

"போர்டுல என்ன போட்டிருக்கு?"

மூன்று. போர்டில் மூன்று. அப்பாவுக்கு முன்னால் எங்களுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு இன்னொருவன். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம். அப்பாவின் காது மடல் இரண்டும் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். அப்பாவைப் பார்க்கவே எனக்குக் கூசியது. பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இவர் என் அப்பா இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

"இங்கிட்டு வா" என்றார் அப்பா அவளை. "மீதி இல்லைன்னு சொன்னியே?"

"ஆமா சார்."

"ஒண்ணு நிக்கிதுல்ல?"

"ஒண்ணுதான சார் நின்னுச்சு. ஒண்ணு மீதியில சேராதுல்ல?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"எங்கப்பா."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அப்பாவின் கை ஓங்கியது தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. அவள் விழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே தப்பு என்று கணக்கைத் தேடுகிற மாதிரி போர்டையே பார்த்தாள்.

"வெளிய போ. இனிமே இந்தப் படி ஏறாத."

அந்த முப்பது பேரில் ஒன்று ஏன் மீதியில் சேராது என்று தெரிந்த பையன்கள் பாதிக்கு மேல் இருந்திருப்பார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. பிரம்பு மேஜை மேலே இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து, உபகாரச் சம்பளத்துக்கு யார் பெயரை எழுத என்று கேட்டார். அவருக்கும் அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்று இருந்திருக்கும். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் என் பெயரைச் சொன்னார். அவள் அப்போது வாசற்படியில் செருப்பில்லாத கால்களை வெயிலில் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒன்பதெட்டு ஒரு விளையாட்டாகிப் போனது. அப்பா கடைவீதியில் போனால் யாராவது ஒருவன் முதுகுக்குப் பின்னால், "ஒம்பதெட்டு எவ்வளவுடா?" என்பான். அப்பா மடைக்காரரைத்தான் கரித்துக் கொட்டினார். "கையெழுத்துப் போடத் தெரியாதவன் எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குறான். திட்டம் போட்டு அந்தப் புள்ளைய ஏவிவிட்டிருக்கான்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். நானும் அதை நம்பினேன்.

சோதனை முடிந்து சில நாளில் கண்மாயில் மீன் பிடித்தார்கள். வருஷா வருஷம் வாத்தியார் வீட்டுக் கூறு பனையோலைக் கொட்டானில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கொண்டுவருகிறவள் அவள்தான். அப்பா ஒரு தடவைகூடக் கண்மாய்க்குப் போனதில்லை, நானும் போனதில்லை. அந்த வருஷம் கொட்டான் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு அப்பா எழுந்தார்.

"என் கூறை நானே போயி வாங்கிட்டு வாரேன். யாரு தடுக்குறான்னு பாப்போம்" என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

கண்மாய்க்குள் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மடைப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். விரால், கெண்டை, கெளுத்தி என்று கரையில் மலையாகக் கொட்டியிருந்தார்கள். கவிச்சி வாடையில் எனக்குத் தலை சுற்றியது. மடைக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தலைக்கட்டுக்கு ஒன்றாக வரிசை வரிசையாகக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க சார். ஒங்க கூறும் இதுல விழுது, செத்த இருங்க" என்றார். குரலில் ஒன்றுமில்லை.

முதலில் கெளுத்தி முடிந்தது. நாலு நின்றது. சீட்டுப் போட்டு நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள். பிறகு விரால். எல்லாக் கூறிலும் வைத்து முடித்தபோது ஒரே ஒரு விரால் நின்றது. நல்ல பெரிய மீன், என் கை நீளம் இருக்கும். மடைக்காரர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். மடைப்பள்ளத்துக்குப் போய், குனிந்து, தண்ணீரில் விட்டார். அது வாலை ஒரு அடி அடித்து உள்ளே போனது. அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"விரால் மீதி இல்லை!"

"இல்லை!" என்று கரை முழுக்கப் பதில் வந்தது.

அப்பாவின் கை என் மணிக்கட்டில் இறுகியது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "ஒண்ணு இருந்துச்சே?" என்று கேட்டார்.

"ஒத்த மீனு மீதியில சேராது வாத்தியாரே. ரெண்டு நின்னாத்தான் மீதி. ஒண்ணு நின்னா அது மடைக்கருப்பருக்கு. தண்ணியில விட்டுட்டு மீதி இல்லைன்னு சொல்லிறணும். இல்லாட்டி அந்த ஒண்ணுக்குத்தான் வெட்டுக்குத்தே நடக்கும்" என்று அவர் சிரித்தார். "கூறு போடத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியுமே."

அவள் கொட்டானை வைத்துக்கொண்டு அவளுடைய அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கோபமில்லை. இப்பத் தெரிஞ்சுச்சா சார் என்கிற மாதிரி, ஒரு எதிர்பார்ப்போடு பார்த்தாள். மீனைக் கூறு போடுவது மாதிரி என்று சொன்னவர் அப்பா. அவள் அப்படியே போட்டாள். சொன்னவருக்குத்தான் கூறு போடத் தெரியாது. அந்த நிமிஷத்தில் இது எனக்குப் புரிந்தது, என் வயதுக்கே புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்ததை, அவர் கண் மடைப்பள்ளத்திலிருந்து அவளிடம் போனதில் பார்த்தேன். இதோ போகப்போகிறார், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். மூன்று எட்டு வைத்தால் போதும்.

"மீனை எடு. போகலாம்" என்றார்.

வீட்டில் நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மீனை உரசிக்கொண்டே கேட்டாள்.

"இன்ஸ்பெக்டரு இன்னும் திருமயம் பங்களாவுலதான இருக்காரு? போயி ஒரு வார்த்தை சொல்லி அந்தப் புள்ள பேர எழுதிட்டு வந்துருங்களேன்."

"அவரு மறுபடியும் சிரிப்பாரு."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு."

"ஒரு தடவை சிரிச்சது போதும்" என்று அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அப்பா கெட்டவர் இல்லை. எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் இன்னொரு சிரிப்பைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை, அதற்கு ஒரு பெண்ணின் படிப்பை விலையாகக் கொடுத்தார். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. குழம்பு ருசியாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் டவுனுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மடைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். தலையில் பச்சைத் தகரப் பெட்டி.

"டவுனுக்குப் போற புள்ளைக்குப் பெட்டி வேணும்ல சார். இது எங்க வீட்டுல சும்மா கெடக்கு. எலி குட்டி போட்டுரும்."

அப்பா வேண்டாம் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அப்பா, "அங்க வச்சிரு" என்றார். ஆறு வருஷம் விடுதியில் என் துணியெல்லாம் அந்த ரோஜாப்பூவுக்குக் கீழேதான் இருந்தது. பெட்டி நன்றாயிருக்கிறதே என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு குறுகும். பின்னால் வேலைக்குப் போய் ஊர் ஊராக மாறியதில் ஏதோ ஒரு வீட்டில் அது தொலைந்தது. தேடவில்லை.

விடுதியில் முதல் வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த எண்ணை நூற்று அறுபத்தெட்டாலும் நானே வகுத்தேன். எவளைப் பார்த்து எழுதினேனோ அவள் பக்கத்தில் இல்லை, நானே போட வேண்டியிருந்தது. அப்படித்தான் எனக்குக் கணக்கு வந்தது. புத்தகம் சரி, அது பகா எண்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் போடாத ஒன்றையும் பார்த்தேன். இரண்டை விட்டுவிடுங்கள், அப்பா அதைப் பார்த்த உடனே தள்ளிவிட்டார். மிச்சம் இருக்கிற அத்தனையிலும் ஒற்றை ஒன்று மீதி நிற்பது எழுபத்தொன்பதில் மட்டும்தான். வேறு எதை வகுத்தாலும் இரண்டோ அதற்கு மேலோ நிற்கிறது. எங்கள் பாயில் அப்பா அவளுக்கு முன்னால் என்னை எண்ணியிருந்தால், எண்பத்து மூன்று அவளுக்கு வந்திருக்கும், எண்பத்திரண்டு மீதி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். எழுபத்தொன்பது எனக்கு வந்திருக்கும். கூறு போடுவதையே பார்த்திராத நான், ஒன்று மீதி என்று சரியாகச் சொல்லியிருப்பேன். எண் அப்படியே பகா எண்ணாக நின்றிருக்கும், கோட்டுக்கு மரியாதை நின்றிருக்கும், அவள் அந்தப் பெட்டியோடு கரி பஸ்ஸில் ஏறியிருப்பாள். இதை நான் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அவளை மறுபடி பார்த்தது போன வருஷம், திருமயம் பஸ் ஸ்டாண்டில். அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். தலை முழுக்க நரை, காதில் ஒன்றுமில்லை, கையில் ஒரு ஒயர் கூடை.

"வாத்தியாரு மக தானங்க நீங்க? நல்லா இருக்கீங்களா?"

சிமெண்டுப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், பழைய பாயில் உட்கார்ந்த மாதிரி. பிள்ளைகள், பேரன்கள், முழங்கால் வலி என்று பேசினோம். அவளுடைய அப்பா காலமாகிவிட்டார், மடை இப்போது இரும்பில் இருக்கிறது. பஸ் வரவில்லை. திடீரென்று கேட்டாள்.

"அந்த நம்பரு கடைசியில என்னங்க ஆச்சு? என்னைய வெளிய அனுப்புனதுக்கப்புறம் யாருக்காச்சும் சரியா விழுந்துச்சா?"

இத்தனை வருஷமும் அவளுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"யாருக்கும் விழலை. அது பகா எண்தான்" என்றேன். "ஒத்த ஒண்ணு நின்னது ஒனக்கு மட்டுந்தான்."

"அப்ப நான் சொன்னது தப்புத்தான்" என்றாள், கணக்கை ஒத்துக்கொள்கிற சாதாரணக் குரலில். கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு எண்பத்திரண்டு நின்னுச்சுல்ல? ஒண்ணு கொறையிதுன்னு அழுதீங்களே."

"ஆமா."

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. கணக்கு வசமானால் அந்தக் காலத்தில் அப்படித்தான் மலரும். மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏய், எனக்கு ஒண்ணு கூட, ஒனக்கு ஒண்ணு கொறை. என் ஒண்ண ஒனக்குக் குடுத்திருந்தா ரெண்டு பேருக்கும் சரியா விழுந்திருக்கும்ல?"

நான் அவளைப் பார்க்க முடியாமல் அவள் கூடையைப் பார்த்தேன்.

"குடுத்தியே" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு என் கையில் தட்டினாள்.

"பெட்டியச் சொல்றியா? அது சும்மாதான கெடந்துச்சு."

நான் பெட்டியைச் சொல்லவில்லை.